எட்டுத் தறியும் நின்றது, என் கம்ப்யூட்டரும் நின்றது

இரண்டு வருடங்களுக்கு முன்பு, கோடை வெயில் ஏறத் தொடங்கியிருந்த ஒரு வெள்ளிக்கிழமை மதியம், கருமத்தம்பட்டியில் நாங்கள் குடியிருக்கும் மாடி வீட்டில் நடந்தது இது. இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கும், கூடவே சிரிப்பும் வரும். சிரிப்புதான் கொஞ்சம் அதிகம்.

எனக்கு வீடியோ எடிட்டிங் வேலை. பெரியநாயக்கன்பாளையத்தில் பிறந்து வளர்ந்தவள். என் கணவருக்குச் சூலூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை என்பதால், கல்யாணத்துக்குப் பிறகு இங்கே வாடகைக்கு வந்தோம். கோவை, திருப்பூர் ஸ்டுடியோக்காரர்கள் கல்யாண வீடியோக்களை அனுப்புவார்கள். வீட்டில் உட்கார்ந்தபடியே வெட்டி, ஒட்டி, பாட்டுச் சேர்த்துத் திருப்பி அனுப்புவேன். எங்கள் வீட்டுப் பின்சுவரை ஒட்டியே ஒரு தறிக்கூடம் இருக்கிறது. எட்டு விசைத்தறிகள். விடிந்ததிலிருந்து தடக் தடக் என்று ஒரே சத்தம். நான் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். அப்போது நாங்கள் வந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தும் அந்தக் கூடத்தை யார் நடத்துகிறார்கள் என்றுகூட எனக்குத் தெரியாது. மாடியில் துணி காயப்போடும்போது, தோளில் துண்டும் தலையெல்லாம் பஞ்சுமாக ஒரு பெண் உள்ளேயும் வெளியேயும் போய் வருவதைப் பார்த்திருக்கிறேன். அவ்வளவுதான் பழக்கம்.

அந்த வருடம்தான் முதன்முதலாக, நேரடியாக எனக்கென்று ஒரு வேலை கிடைத்தது. இங்கே கருமத்தம்பட்டியில், வள்ளி முருகன் கதையைப் பாடிக்கொண்டே ஆடுகிற வள்ளிக்கும்மி அரங்கேற்றம் நடந்தது. ஒரே நிறச் சேலையில் பெண்களும், ஒரே நிறச் சட்டையில் ஆண்களுமாகக் கோயில் மைதானம் நிறைய ஆட்டம். நான்கு கேமராக்களில் எடுத்திருந்தார்கள். அதைப் படமாகத் தொகுத்துத் தரும் பொறுப்பைக் கும்மி ஆசிரியர், கோவை ஸ்டுடியோ ஒன்றில் என் எண்ணை வாங்கி, ஃபோனிலேயே என்னிடம் கொடுத்தார். சனிக்கிழமை சாயங்காலம் மண்டபத்தில் பெரிய திரை கட்டி, ஆடியவர்களும் அவர்கள் குடும்பமும் உட்கார்ந்து பார்ப்பதாக ஏற்பாடு.

என் பழைய கம்ப்யூட்டர் நான்கு கேமராவின் காட்சிகளைச் சேர்த்து ஓட்டினால் மூச்சுத் திணறியது. அதனால் துணிந்து புதிது வாங்கினேன். காந்திபுரத்தில் ஒரு கடையில் பாகங்களைத் தனித்தனியாக வாங்கி வந்து, ஹாலில் பழைய போர்வையை விரித்து, நானே பூட்டினேன். முதல் தடவையிலேயே உயிர் வந்துவிட்டது. அன்றைக்கு என் கால் தரையில் இல்லை.

அதோடு விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. கம்ப்யூட்டரின் மூளை மாதிரி இருக்கிற பிராசஸரை, கம்பெனி நிர்ணயித்த வேகத்தைவிடக் கூடுதல் வேகத்தில் ஓட வைக்கலாம். ஓவர்கிளாக் என்பார்கள். இணையத்தில் ஒருவர் வேகத்தை எப்படிக் கூட்டுவது என்று சொல்லியிருந்தார். இன்னொருவர் சூடு குறைய, பிராசஸருக்குப் போகும் மின்னழுத்தத்தைக் குறைக்கச் சொல்லியிருந்தார். மூன்றாமவர் மெமரியையும் வேகப்படுத்தச் சொன்னார். நான் மூவர் பேச்சையும் கேட்டேன். ஒரே நாளில், ஒரே மூச்சில் மூன்றையும் மாற்றினேன். பத்து நிமிடம் சோதனை ஓட்டிப் பார்த்தேன். நன்றாகவே ஓடியது.

என் கணவர்கூடக் கேட்டார், "புதுசுதான, இன்னும் எதுக்கு வேகம்?" என்று. "உங்களுக்கு இதெல்லாம் புரியாதுங்க" என்று சொல்லிவிட்டு, எடிட்டர்கள் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் என் வேகக் கணக்கைப் படம் பிடித்துப் போட்டேன். கட்டை விரல்கள் வந்து குவிந்தன.

வியாழக்கிழமை காலை, முழுப் படமும் தயார். அதை ஒரே கோப்பாக மாற்றி எடுக்க வேண்டியதுதான் பாக்கி. பட்டனைத் தட்டிவிட்டுச் சமையலுக்குப் போனேன். திரும்பி வந்தால் நீலத் திரை. கம்ப்யூட்டர் தானாக நின்று, தானாக மறுபடி எழுந்துகொண்டிருந்தது. இன்னொரு முறை ஓட்டினேன். அப்போதும் நீலத் திரை. ஒரு தடவை பத்து நிமிடத்தில் விழும், இன்னொரு தடவை முக்கால் மணி நேரம் ஆசைகாட்டிவிட்டு விழும்.

அன்று முழுக்க நான் செய்யாதது இல்லை. மென்பொருளை நீக்கி மறுபடி ஏற்றினேன். வயர்களைப் பிடுங்கி மாட்டினேன். பிளக் பாயின்ட்டை மாற்றினேன். கடைக்கு ஃபோன் செய்தேன். அங்கிருந்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஸ்பீடு செட்டிங் ஏதாச்சும் மாத்துனீங்களா மேடம்?" என்றார். எதற்காகச் சொன்னேனோ, "இல்லீங்க" என்று சொல்லிவிட்டேன். வாரன்டி போய்விடுமோ என்ற பயம் பாதி. நானே பூட்டி, நானே வேகமாக்கியதைக் குறை சொல்ல மனம் வராதது மீதி. தொட்டிருக்க வேண்டிய ஒரே இடத்தைத் தொடாமல் மற்ற எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை ஏழாவது முறையாக விழுந்தது. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. ஹெட்ஃபோனைக் கழற்றி மேசையில் வீசினேன். அந்த நிமிடம் பின்னால் தடக் தடக் என்று கேட்டது பாருங்கள், எனக்கு ஒரு குற்றவாளி கிடைத்துவிட்டார். எட்டு மோட்டார் ஓடினால் மின்சாரம் ஏறி இறங்காமல் என்ன செய்யும்? இதுதான், இதேதான் என்று முடிவு கட்டி, செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினேன்.

கூடத்துக்குள் அந்தப் பெண் ஒருவர்தான் இருந்தார். அறுந்த நூலை முடிந்துகொண்டிருந்தார். என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும். நான் வாசலில் நின்று கத்தினேன். சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. என்னைப் பார்த்ததும் வெளியே வந்து, தலைத் துண்டை அவிழ்த்தபடி, "என்னங்க, மேல் வூட்டுக்காரங்கதான நீங்க?" என்றார்.

"ஏனுங்க, உங்க தறி ஓடறதுல எங்க வூட்டுக்கு வர்ற கரண்டு ஆடுதுங்க. என்ற கம்ப்யூட்டரு நேத்துல இருந்து நின்னு நின்னு போகுது. நாளைக்கு ஒரு வேலை முடிச்சுக் குடுத்தாகோணும். குடுக்கலீன்னா என்ற பேரே கெட்டுப்போயிருமுங்க."

கொங்குப் பேச்சில் சண்டையும் 'ங்க' போட்டுத்தான் வரும். ஆனால் என் முகத்தில் மரியாதை எதுவும் இருந்திருக்காது. என்ன வேலை என்றுகூட நான் சொல்லவில்லை. பதிலுக்கு அவர் கத்தினால் என்ன சொல்ல வேண்டும் என்று படி இறங்கும்போதே நான்கு வாக்கியங்கள் தயார் செய்து வைத்திருந்தேன்.

அவர் கூடத்தைத் திரும்பிப் பார்த்தார். ஏதோ யோசித்தார்.

"எவ்வளவு நேரம் நிறுத்துனாப் போதுமுங்க?"

முழுப் படமும் மாற ஆகும் நேரத்தை மனதுக்குள் கணக்கிட்டேன். "ஒண்ணரை மணி நேரமுங்க."

"சரீங்க. எங்கூட்டுக்காரரு தறிக்குப் பாவு நூல் எடுக்கப் போயிருக்காரு. நான் ரெண்டு மணிக்கு எல்லாத்தையும் நிறுத்திப்போடறேன். நீங்க முடிச்சுக்குங்க."

தயார் செய்த நான்கு வாக்கியங்களையும் அப்படியே சுமந்துகொண்டு படியேறினேன்.

சொன்னபடியே இரண்டு மணிக்குத் தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. எட்டாவதும் நின்றபோது, நான் அந்த வீட்டில் ஒரு நாளும் கேட்டிராத அமைதி வந்தது. மின்விசிறி கிரீச்சிடுவது கேட்டது. அவிநாசி ரோட்டில் போகிற பஸ்ஸின் ஹாரன் கேட்டது. கீழ்வீட்டில் யாரோ பாத்திரம் கழுவுவதுகூடக் கேட்டது. நான் பட்டனைத் தட்டிவிட்டு, நாற்காலி நுனியில் உட்கார்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பத்து சதவீதம். முப்பது. ஐம்பது. எனக்குள் ஒரு வெற்றிப் புன்னகைகூட வந்துவிட்டது. அறுபத்திரண்டில், அவ்வளவு அமைதியில், நீலத் திரை.

படியில் காலடிச் சத்தம். அந்த அக்காதான். முதல்முறையாக எங்கள் வீட்டுக்கு வருகிறார். கையில் மின்சாரம் அளக்கிற மீட்டர்.

"ஆச்சுங்களா? எதுக்கும் கரண்டு எப்படி வருதுன்னு ஒருக்கா பாத்துப்போடலாம்னு இதைக் கொண்டாந்தேனுங்க. எங்கூட்டுக்காரரோடது."

நான் திரையைக் காட்டினேன். அவர் பிளக் பாயின்ட்டில் மீட்டரை வைத்து, கொஞ்ச நேரம் அதன் முள்ளையே கவனித்தார். பிறகு, "தறி நின்னுருக்கறப்ப நல்லாத்தான் இருக்குது. ஓடறப்பவும் பாக்கோணுமல்ல?" என்று சொல்லிவிட்டு, கீழே போய் எட்டுத் தறியையும் ஓட்டிவிட்டு மூச்சிரைக்க மறுபடி ஏறி வந்தார். மறுபடி வைத்துப் பார்த்தார். முள் அசையவே இல்லை.

"ஆடவே இல்லீங்களே. அதுவுமில்லாம, கரண்டு ஆடியிருந்தா உங்க ட்யூப்லைட்டும் காத்தாடியும் முன்னாடி காட்டிக்குடுத்திருக்குமுங்க." பிறகு, மீட்டரின் வயரைச் சுற்றிக்கொண்டே சாதாரணமாகக் கேட்டார்: "இது புது மிசினுங்களா? வேகம் ஏதாச்சும் கூட்டி வச்சிருக்கீங்களா?"

கடைக்காரர் கேட்ட அதே கேள்வி. ஆனால் எனக்காக எட்டுத் தறியை நிறுத்திவிட்டு வந்து நிற்கிறவரிடம் பொய் சொல்ல நாக்கு எழவில்லை.

"கூட்டி வச்சிருக்கேனுங்க" என்றேன். சொன்னதும் அழுகை வந்துவிட்டது. "வேகத்தைக் கூட்டுனேன், மின்னழுத்தத்தைக் குறைச்சேன், இன்னொண்ணும் பண்ணேன். உங்க மேல அநியாயமாப் பழி போட்டுட்டேனுங்க."

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவரோ வாய்விட்டுச் சிரித்தார். "அட, இதுக்கு எதுக்குங்க அழுவறீங்க? போன வருசம் எங்கூட்டுக்காரரு இதே கூத்துத்தானுங்க பண்ணுனாரு. தறி இன்னும் கொஞ்சம் வெரசா ஓடட்டும்னு, மோட்டாருல பெல்ட்டு ஓடற புல்லிச் சக்கரத்தை மாத்திப்போட்டாரு. ஒரு தறின்னாப் பரவாயில்லீங்க, நாலு தறிக்கும் ஒரே நாள்ல! கூடவே நூலையும் வேற மாத்திப்போட்டாரு. அன்னைக்குப் பூராவும் நூல் அந்துக்கிட்டே கெடந்துது. புல்லியா, நூலான்னு ஒண்ணும் தெரியல. நூல் மில்லுக்காரங்களை வேற போன்ல திட்டிப்போட்டாரு. அப்புறம் எல்லாத்தையும் பழசு மாதிரியே மாட்டி, ஒவ்வொண்ணா மாத்திப் பாத்துத்தான் கண்டுபுடிச்சோம்."

"எதுங்க, புல்லியா நூலா?"

"புல்லிதானுங்க. மில்லுக்காரங்க பாவம்."

இருவரும் சிரித்தோம். என் மேலிருந்து ஏதோ கனம் இறங்கியது போலிருந்தது. கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்புக்குள் போய், நான் மாற்றிய அத்தனையையும் அழித்து, கடையிலிருந்து வந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியே ஆக்கினேன். இரண்டு நிமிட வேலை. இரண்டு நாள் அழுகைக்கு இரண்டு நிமிட வேலை!

கம்ப்யூட்டர் எழுந்ததும் படத்தைத் திறந்தேன். திரையில் கோயில் மைதானமும் ஆட்டமும் விரிந்தன. அக்கா குனிந்து பார்த்தார்.

"இது நம்ம கும்மியாச்சுங்களே! கோயமுத்தூருல யாரோ பண்றாங்கன்னு வாத்தியாரு சொன்னாரே, அது நீங்கதானுங்களா?" என்றவர், விரலால் திரையைத் தொட்டார். "இதா, மூணாவது வரிசை. இது நானுங்க."

நான் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தேன். பிறகு திரையைப் பார்த்தேன். மறுபடி அவரைப் பார்த்தேன்.

அந்த மூன்றாவது வரிசைப் பெண்ணை எனக்கு மூன்று வாரங்களாகத் தெரியும். நான்கு கேமராக்களின் காட்சிகளையும் தாளத்தோடு பொருத்துவதற்கு ஆட்டக்காரர்களில் ஒருவரின் காலடியை அடையாளமாக வைத்துக்கொள்வேன். அத்தனை பேரில் ஒரு அடிகூடப் பிசகாமல் ஆடியவர் அவர்தான். முகத்தில் சிரிப்பும் குறையாது. எங்கே வெட்டுவது என்று குழம்பினால் அவர் முகத்துக்குப் போய்விடுவேன். ஒரு நாளைக்கு நூறு தடவையாவது அந்த முகத்தைப் பார்த்திருப்பேன். காலையில் அதே முகத்துக்கு நேரே நின்று சத்தம் போட்டிருக்கிறேன். அடையாளம் தெரியவில்லை! கோபத்தில் நான் பஞ்சையும் துண்டையும்தான் பார்த்திருக்கிறேன். ஆளைப் பார்க்கவே இல்லை.

சொல்லிவிட்டேன். ஒன்றையும் மறைக்காமல், அவர் காலடியை வைத்துத்தான் படம் முழுக்க வெட்டியிருக்கிறேன் என்பதையும் சொன்னேன். அவர் நம்பவில்லை. ஒரு காட்சியை மெதுவாக ஓட்டிக் காட்டியதும், சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். "தறியிலயே நிக்கறனுங்களா, தாளம் தானா வந்துருமாட்ட இருக்குதுங்க" என்றார்.

பட்டனைத் தட்டினேன். அக்கா கூடத்துக்குப் போய்விட்டார். ஆனால் அரை மணி நேரத்துக்கு ஒரு தடவை படியேறி வந்து, வாசலில் நின்றபடியே, "எத்தனை ஆச்சுங்க?" என்று கேட்டுவிட்டுப் போவார். "முப்பத்தஞ்சுங்கக்கா." "அறுபதைத் தாண்டிருச்சுங்கக்கா!" கடைசி முறை தொண்ணூற்றைந்தில் வந்தவர் போகவில்லை. இருவரும் நின்றுகொண்டே பார்த்தோம். பின்னால் எட்டுத் தறியும் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தன. நூறு வந்ததும் அக்கா என் கையைப் பிடித்துக் குலுக்கிய குலுக்கலில் என் வளையல் ஒன்று உடைந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் மண்டபம் நிரம்பி வழிந்தது. திரையில் ஒவ்வொருவர் முகமும் பெரிதாக வரும்போதும் அந்தந்தக் குடும்பம் எழுந்து கத்தியது. மூன்றாவது வரிசைக்குக் கேமரா போனபோது, ஒரு மூலையிலிருந்து விசில் வந்து காதைப் பிளந்தது. அக்காவின் கணவர்! அக்கா முகத்தை மூடிக்கொண்டு விரலிடுக்கு வழியாகப் பார்த்தார். படம் முடிந்த பிறகும் யாரும் வீட்டுக்குக் கிளம்பவில்லை. ஆசிரியர் மைக்கைப் பிடித்துப் பாட ஆரம்பிக்க, நாற்காலிகளை ஓரம் தள்ளிவிட்டு அங்கேயே ஆட்டம் தொடங்கியது. அக்கா என்னையும் இழுத்து உள்ளே விட்டார். படத்தில் ஒரு அடி பிசகினாலும் கண்டுபிடிக்கிறவள், அன்று எட்டு அடியில் ஆறு அடியைத் தப்பாக வைத்தேன். பக்கத்தில் ஆடிய சின்னப் பெண் என்னைப் பார்த்துச் சிரித்துச் சிரித்து அவளும் தப்பாக ஆடினாள்.

திங்கட்கிழமை உட்கார்ந்து, தறிக்காரர் பார்த்த மாதிரியே ஒவ்வொன்றாகச் சோதித்தேன். மெமரியை மட்டும் வேகப்படுத்தினேன். பத்து நிமிடச் சோதனையோடு நிறுத்தாமல், முழுப் படத்தையும் ஓட்டிப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. பிராசஸர் வேகத்தை மட்டும் ஒரு படி கூட்டினேன். அப்போதும் ஒன்றும் ஆகவில்லை. மின்னழுத்தத்தைக் குறைத்ததும் நீலத் திரை வந்து நின்றது. ஒருவர் சொன்னபடி வேலையைக் கூட்டி, இன்னொருவர் சொன்னபடி சாப்பாட்டைக் குறைத்திருக்கிறேன். லேசான வேலையில் தாக்குப்பிடித்த பிராசஸர், படம் முழுக்க மாற்றுகிற பாரம் ஏறியதும் மயங்கி விழுந்திருக்கிறது. அக்காவிடம் போய்ச் சொன்னேன். "நெம்பப் பாவமுங்க அது" என்றார், ஏதோ மாட்டைப் பற்றிச் சொல்வதுபோல. இப்போது மின்னழுத்தத்தைத் தொடாமல், வேகத்தை ஒரே ஒரு படி மட்டும் கூட்டி வைத்திருக்கிறேன். இன்று வரை ஒரு தடவைகூட விழவில்லை.

காந்திபுரம் கடைக்கும் ஃபோன் செய்து உண்மையைச் சொன்னேன். "எல்லாரும் முதல்ல இல்லீன்னுதானுங்க மேடம் சொல்லுவாங்க. திரும்பக் கூப்பிட்டுச் சொன்னவங்க நீங்கதான்" என்று சிரித்தார்.

ஒன்று மட்டும் பிறகுதான் தெரிந்தது. அந்தச் சனிக்கிழமை அவர்களும் நெய்த துணியைத் தறியிலிருந்து இறக்கிக் கொடுத்தாக வேண்டிய நாள். எனக்காக நின்றுபோன நேரத்தை ஈடுகட்ட, இருவரும் வழக்கத்துக்கு முன்பே எழுந்து தறி ஓட்டியிருக்கிறார்கள். அக்கா அதை என்னிடம் சொல்லவே இல்லை. அவர் கணவர் வேறு ஏதோ பேச்சில் சொன்னார். நான் கேட்டதற்கு அக்கா, "நீங்க அழுவற மாதிரி வந்து நின்னீங்க. அப்பப் போயி என்னத்தைங்க கணக்குப் பாக்கறது?" என்றார்.

நான் சொன்னது சரியா தவறா என்று ஒரு வார்த்தை கேட்காமல், முதலில் தன் வேலையை நிறுத்திவிட்டு, பிறகு என்னோடு சேர்ந்து காரணத்தைத் தேட வந்தார் அவர். இன்றைக்கும் யார் மேலாவது கோபம் தலைக்கேறும்போது, வாயைத் திறப்பதற்கு முன்னால் எதிரில் நிற்பவரின் முகத்தை ஒரு தடவை நன்றாகப் பார்த்துக்கொள்கிறேன். அப்படிப் பார்த்த பிறகு, சொல்ல நினைத்ததில் பாதி எனக்கே தேவையில்லாததாகிவிடுகிறது.